லைப்ரரி மேடம்

நான் சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீ ஒண்ணைச் சொன்னா வாலைப் புடிச்சுக்கிட்டுத்தான் மாட்டைக் காட்டுவே" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால் நடுவில் குழம்பினால் நிறுத்திக் கேளுங்கள். நான் எதையாவது கோணலாகச் சொல்லி, நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையை வேறு ஏதாவது காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான்.

கண்டக்டரிடம் நீங்கள் காலேஜ் ஸ்டாப் என்றதுமே நினைத்தேன், அட்மிஷனுக்குத்தான் என்று. கையில் சர்டிபிகேட் பை. பிள்ளை உங்கள் தோளில் தூங்குகிறாள். தூங்கட்டும், ஸ்டாப் வர நேரமிருக்கிறது. என் கழுத்தில் இந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அங்கேதான் வேலையா, காலேஜ் எப்படி என்று கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். ஆனால் நீங்களும் பெண்ணைப் பெற்றவர்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யுனிவர்சிட்டியிலிருந்து வரவில்லையே? இல்லை, சும்மா கேட்டுவைக்கிறேன். கமிட்டி ஆட்கள் டவுன் பஸ்ஸில் வரமாட்டார்கள், எனக்கும் தெரியும். காரில் வருவார்கள், வந்து இறங்கியதும் இளநீர் குடிப்பார்கள். இருந்தாலும் கேட்டுவைத்தால் மனசுக்கு நிம்மதி.

சின்னக் காலேஜ்தான் நல்லது. யார் என்ன சொன்னாலும் நான் அதைத்தான் சொல்வேன். என் மகள் அபிநயாவை முதலில் மதுரையில் ஒரு பெரிய காலேஜுக்குத்தான் கூட்டிப்போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்கு வழி தப்பிவிட்டது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு பையனை நிறுத்தி, "தம்பி, ஆபீஸ் எங்கப்பா?" என்று கேட்டேன். "எந்த ஆபீஸ்?" என்கிறான். ஆபீஸே பல ஆபீஸ் இருக்கிற இடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு, நான் வீட்டில் உட்கார்ந்து எப்படி ஊசியில் நூல் கோப்பேன், சொல்லுங்கள். நான் ஜாக்கெட் தைக்கிறவள். கை நடுங்கினால் கழுத்து கோணிப்போகும்.

என் நாத்தனார் மகனும் அப்படி ஒரு பெரிய இடத்தில்தான் சேர்ந்தான். பாதி வருஷம் வகுப்புக்கே போகவில்லை. காலையில் குளிப்பான், பையை மாட்டுவான், பஸ் ஏறுவான். எங்கே போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காலேஜில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு தலை குறைகிறது என்றே தெரியாதாம்.

இங்கே அப்படியில்லை. அபி ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். பிரின்சிபால் கோமதி மேடமே எனக்குப் போன் பண்ணிவிட்டார். "அபிம்மா, பொண்ணு வரலியே, காய்ச்சலா?" என்கிறார். என் பேர் தவமணி. அந்தப் பேர் அங்கே யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் நான் அபிம்மாதான். அபியோடு படிக்கிற பர்வீன் என்று ஒரு பெண், நான் கொடுத்துவிடுகிற புளியோதரையைத் தின்றுவிட்டு, "அபிம்மா, மிளகாய் ஒண்ணு கூட" என்று போனில் குறை சொல்வாள். அவ்வளவு சொந்தம்.

இடத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முன்பு அது கல்யாண மண்டபம். மணமகள் அறைதான் பிரின்சிபால் ரூம். கதவுக்கு மேலே இருக்கிற எழுத்து எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் லேசாகத் தெரியும். பந்தி போட்ட ஹாலில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். பாத்திர அறைதான் லைப்ரரி. நல்ல காரியங்கள் நடந்த இடம், பிள்ளைகளுக்கும் நல்லதுதானே நடக்கும்.

இந்த மாசி மாதம் ஒருநாள் கோமதி மேடத்திடமிருந்து போன். "அபிம்மா, பதறாதீங்க" என்றார். பதறாதே என்று சொன்னால்தான் எனக்குப் பதறும். காலுக்கு ஒன்றாய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினேன், ஒன்று என்னுடையது, ஒன்று வீட்டுக்காரருடையது. போனால் அபி நன்றாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பிரின்சிபால் ரூமில் கோமதி மேடமும் கரஸ்பாண்டன்ட்டும் இருந்தார்கள். கரஸ்பாண்டன்ட் என்றால் காலேஜுக்கு முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யுனிவர்சிட்டியிலிருந்து கமிட்டி பார்வையிட வருகிறதாம். லைப்ரரியன் பிரசவத்துக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அபி முதல் வருஷம் படிக்கும்போது போனார், இப்போது அபி கடைசி வருஷம். கமிட்டி வருகிற அன்று அந்த நாற்காலியில் யாராவது இருக்க வேண்டும்.

"ஏன் மேடம் நானு? நான் எட்டாவதோட நின்னவ" என்றேன்.

"அதை நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? கண்ணாடி போட்டிருக்கீங்க. ஒரு காட்டன் பொடவை கட்டுனா அச்சு அசல் லைப்ரரியன்."

"அவங்க ஏதாவது கேட்டா?"

கரஸ்பாண்டன்ட் சிரித்தார். "பேசாம இருக்கிறதுதாங்க லைப்ரரியன் வேலையே. சுவத்துல போர்டே மாட்டியிருக்கோம், சைலன்ஸ்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது கோமதி மேடம் மெதுவாகச் சொன்னார். "கமிட்டி சரியில்லைன்னு எழுதிட்டுப் போனா, காலேஜுக்கு அனுமதி போயிடும் அபிம்மா. கடைசி வருஷப் பிள்ளைங்க பரீட்சையை நிறுத்தி வச்சாலும் வைப்பாங்க. மூணு வருஷப் படிப்பு. நம்ம காலேஜ் ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்கு ஒருத்தர்தானே."

பிறகு நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் டிகிரி வாங்கப்போகிற முதல் ஆள் அபி. இன்னொன்றும் நினைத்தேன். பெரிய காலேஜாக இருந்தால், நான் கண்ணாடி போடுகிறவள் என்பதாவது யாருக்காவது தெரிந்திருக்குமா? இத்தனை அம்மாக்களில் என்னை நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு மரியாதைதானே.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நான் அபியின் அம்மா என்று கமிட்டிக்குத் தெரியவே கூடாது. அவளைச் சேர்க்கும்போது அம்மா எட்டாம் வகுப்பு, தையல் என்று படிவத்தில் எழுதிக்கொடுத்திருந்தோம். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் முடிந்தது. அதனால் பிள்ளைகள் எல்லாரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். அபியும்தான்.

வீட்டில் சொன்னேன். அவர் மில் வேன் ஓட்டுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "மண்டபத்துல பொண்ணை மாத்தி ஒக்கார வச்சா அடி விழும். டீச்சரை மாத்தி ஒக்கார வச்சா இளநீர் குடிச்சிட்டுப் போவாங்களா?" என்று சிரித்தார். அபி சிரிக்கவில்லை.

"போகாதம்மா" என்றாள். "எங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு ஆளே இல்ல. யூடியூபைப் பாத்துப் படிக்கிறோம். கமிட்டிகிட்ட சொல்லலாம்னு இருக்கோம். சொன்னாத்தான் ஆள் போடுவாங்க."

"சொன்னா காலேஜை மூடிருவாங்கடி."

"மூடமாட்டாங்க. ஆள் போடச் சொல்லி எழுதுவாங்க. பர்வீன் அண்ணன் காலேஜ்ல அப்படித்தான் நடந்துச்சு."

"பர்வீன் அண்ணனுக்கு நடந்தா ஒனக்கும் நடக்குமா?"

"நீ அந்தச் சேர்ல ஒக்காந்திருந்தா நான் எப்படிம்மா வாயைத் தொறப்பேன்?"

"தொறக்காதே."

"என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒங்கம்மாவை ஜெயிலுக்கு அனுப்பு" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் டிவியில் காட்டினார்கள், யாருக்கோ பதிலாகப் பரீட்சை எழுதினவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள்மாறாட்டம் என்று கீழே எழுத்து ஓடியது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அபி எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான்.

கோமதி மேடம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார். புத்தகமெல்லாம் எந்த முறையில் அடுக்கியிருக்கிறது என்று கேட்டால் "டூயி" என்று சொல்ல வேண்டும். யாரோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்த முறையாம். எனக்கு அது வாயில் நிற்கவே இல்லை. கடைசியில் ரசத்தை இறக்கும்போது பிடித்துக்கொண்டேன். கொத்தமல்லி தூவி. தூவி, தூவி என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கமிட்டி வந்த அன்று காலையில் லோடு ஆட்டோவில் புத்தகங்கள் வந்து இறங்கின. கரஸ்பாண்டன்ட்டின் மச்சான் இன்னொரு காலேஜ் நடத்துகிறார், அங்கிருந்து வந்தவை. நானும் பிள்ளைகளும் உயரவாரியாக அடுக்கினோம். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா. இந்த அட்டையை அன்றுதான் கழுத்தில் போட்டுவிட்டார்கள். வராண்டாவில் புதிதாக ஒரு சார் நின்றிருந்தார். சட்டையில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாராம். என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார், "மேடம், நீங்க நெசமாவே லைப்ரரியனா?"

"நீங்க நெசமாவே சாரா?" என்றேன்.

அவர் சட்டை மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார்.

கமிட்டியில் ஒரு ஐயா, ஒரு அம்மா. ஐயாவுக்கு இளநீர் பிடித்துவிட்டது, இன்னொன்று கேட்டு வாங்கினார். அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. அந்த அம்மாதான். நரைத்த தலை, தட்டைச் செருப்பு, குரலே உயராது. எதையும் அவசரமாகப் பார்க்கமாட்டேன் என்கிறார். லைப்ரரிக்குள் வரும்போது அபி, பர்வீன், இன்னும் சில பிள்ளைகள் படிக்கிற மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வருஷத்தில் நன்றாகப் படிக்கிறவர்களாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அபி அதில் இருந்ததை நினைத்து எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். அவள் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஐயா கேட்டார், "என்ன முறையில அடுக்கியிருக்கீங்க?"

"தூவிங்க" என்றேன்.

தலையாட்டினார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. முதுகெல்லாம் வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பாத்திரம் வைக்கக் கட்டினதுதானே. கமிட்டி அம்மா அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம், போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

பர்வீன் கெட்டவள் இல்லை. நான் வேர்த்து வழிவதைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்தாள். "அபிம்மா, ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைக்கட்டுமா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். மூடாமல் இருந்திருந்தாலாவது கவனித்திருக்க மாட்டார்கள்.

கமிட்டி அம்மா திரும்பினார். "அபி யாரு?" என்று என்னிடம் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என் மக மேடம்" என்றேன்.

"இங்க படிக்கிறாளா?"

"இல்ல மேடம். சின்னப் பிள்ளை. மூணாவது படிக்கிறா. ஊர்ல எங்க அக்கா வீட்டுல இருக்கா." எப்படி வந்தது என்றே தெரியவில்லை, வார்த்தை வார்த்தையாக வந்து விழுந்தது. இன்னும் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்த கதை வரைக்கும் சொல்லியிருப்பேன். சொல்லும்போது அபி இருக்கிற பக்கம் நான் பார்க்கவே இல்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நேராக என் மகளைக் கேட்டார்.

"ஒன் பேர் என்னம்மா?"

"அபிநயா."

"நீயும் அபிதானா" என்று சிரித்தார். "ஒங்கம்மா என்ன பண்றாங்க?"

என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னது என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. டிவியில் பார்த்த அந்த எழுத்து கண்ணுக்கு முன்னால் ஓடியது. அபி எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"ஜாக்கெட் தைக்கிறாங்க மேடம்."

"எங்க?"

"வீட்லதான். இங்கல்லாம் வரமாட்டாங்க. காலேஜுன்னா அவங்களுக்குப் பயம்."

"வாத்தியார்லாம் ஒழுங்கா வர்றாங்களா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எப்படிப் போகுது? குறை ஏதாவது இருந்தா சொல்லு."

அபி மறுபடி என்னைப் பார்த்தாள். என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். போய்விட்டார்கள். என் மகள் என்ன சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டாள், பார்த்தீர்களா? ஜாக்கெட் தைக்கிறார்கள் என்றாளே, அதில் பொய்யே கிடையாது. கோமதி மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பிள்ளையை வளர்த்திருக்கீங்க அபிம்மா" என்றார். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மேடம்" என்று திருத்திக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். நாலு பேரும் நாலு பேரைக் காப்பாற்றுகிற மாதிரி அமைவதெல்லாம் சின்ன இடத்தில்தான் நடக்கும். பெரிய காலேஜில் யார் யாருக்காக நிற்பார்கள்?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அபி தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "மேடம், சோறு போடுங்க" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கேலிக்காரி, அப்பனைப் போல. மறுநாளும் மேடம்தான். அதற்கு மறுநாளும். விளையாட்டைக் கொஞ்சம் நீட்டிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன், பழகினால் நல்லதுதானே. ஏனென்றால் கமிட்டி முடிவை இன்னும் அனுப்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வந்து பார்த்தாலும் பார்ப்பார்களாம். ஆர்டர் கையில் வரும்வரை தினமும் வந்து உட்காருங்கள் என்று கோமதி மேடம் கேட்டுக்கொண்டார். உட்காருகிறேன். ஜாக்கெட் வேலை எல்லாம் தேங்கிக் கிடக்கிறது. கேட்கிறவர்களுக்கு முதுகுவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அபி இந்த பஸ்ஸில்தான் வருகிறாள். பார்க்காதீர்கள், பார்க்காதீர்கள். டிரைவருக்குப் பின்னால், நீலச் சுடிதார். இன்றைக்கு அவளுக்கு மூன்றாவது பரீட்சை. நாங்கள் சேர்ந்து உட்காருவதில்லை. பஸ்ஸில் யார் யார் வருகிறார்களோ, யார் கண்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஸ்டாப் வரப்போகிறது. பரீட்சைக்கு முந்தின வாரம். மத்தியானம், லைப்ரரியில் நான் மட்டும்தான். கொண்டுவந்த புத்தகங்களைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள், அலமாரி காலியாக இருந்தது. அபி வந்து வாசலில் நின்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது. மாதாமாதம் வருகிற அந்த நாளில் அவளுக்கு வயிற்றுவலி தாங்காது, சில மாதம் கண் இருட்டி விழுந்துவிடுவாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா" என்றாள். அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவை. "அம்மா, முடியலம்மா. வீட்டுக்குப் போலாம் வா."

எழுந்துவிட்டேன். பாதி எழுந்துவிட்டேன். அப்போதுதான் வராண்டாவில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. கையில் ஃபைல், காலில் ஷூ. நின்று நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவள் திரும்ப அம்மா என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். ஒரு வார்த்தை, மூன்று வருஷமும் போய்விடும். அவளுக்காகத்தானே எல்லாம்.

உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அந்த ஆளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன், "மேடம்னு கூப்பிடும்மா. ஒடம்பு சரியில்லைன்னா ஆபீஸ்ல போய்ச் சொல்லு. ஒங்கம்மாவை வரச்சொல்லி, அவங்ககூட வீட்டுக்குப் போ."